குப்பியின் வெள்ளைக் கட்டம்

எங்கள் தெருவுக்குச் சொட்டு மருந்து கொண்டுவரும் நர்ஸம்மா, பன்னிரண்டு வருடமாக வாசலில் நின்றதும் முதலில் குப்பியைத்தான் காட்டுவார். அதன்மேல் சின்ன வெள்ளைக் கட்டம் இருக்கும். சூடு பட்டு மருந்து கெட்டால் அது கறுத்துவிடும்.

அரசுக்குப் போலி மருந்து வாங்கிய ஊழலில் சுகாதார அமைச்சர் பிடிபட்ட மறுவாரமும் அப்படியே காட்டினார்.

"சூடு பட்டா இது சொல்லும்க்கா. அமைச்சர் கை பட்டா சொல்லுமா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுத் தையல்காரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். என் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

"இது நல்லதுதானேக்கா?" என்று கேட்டேன்.

"நல்லதுன்னுதான் கொடுத்தனுப்பினாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

தெரியாது என்று சொன்னவரை நம்பி, குழந்தையின் வாயைத் திறந்தேன். இரண்டு சொட்டு விழுந்தது. எப்போதும் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர், அன்று எங்கள் படியில் உட்கார்ந்து குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.