நாற்பதாம் எண்ணில் அஸ்வினி

“ரெஜிஸ்டர்ல என் பேரையும் எழுதுங்க சார்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கிளார்க் கிருஷ்ணவேணி அக்கா சொல்லியிருந்தார். எட்டு மாதம் பொறுத்தேன். 2012 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மதியம் 1.40-க்கு மேனேஜரிடம் கேட்டுவிட்டேன். அதன்பிறகு நடந்தது அத்தனையும் உண்மை. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

திண்டிவனத்தை அடுத்த ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். விக்கிரவாண்டியில் அம்மா கரும்பு வெட்டப் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஆனால் வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. எனக்கு முன்னால் வேலையை விட்டுப் போன அஸ்வினியின் பெயர்தான் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் காட்ட, அவள் பெயருக்கு நேராகத் தினமும் ஒரு கையெழுத்து. பதிவேட்டில் இல்லாதவளுக்கு அனுபவச் சான்றிதழ் யார் தருவார்கள்? அது இல்லாமல் சென்னையில் யார் வேலை தருவார்கள்?

அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் எரியும். எதற்கெடுத்தாலும் அஸ்வினி. அவள் வேகம், அவள் இங்கிலீஷ், அவள் அடக்கம்.

நான் கேட்டதற்கு மேனேஜர் தீனதயாளன் ஆபீஸ் பீரோவிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து நீட்டினார். அவளுடையதுதான். ஐந்து மணிக்குள் மதிப்பெண் ஏற்ற வேண்டுமாம். எந்த வெப்சைட்டும் திறக்கவில்லையாம்.

“மொதல்ல இத்த சரி பண்ணும்மா. அஸ்வினியா இருந்தா அஞ்சு நிமிசம்.”

“அப்ப அவளையே கூப்ட்டுக்கங்க சார்.”

அவர் முகம் வெளுத்தது. கோபம் என்று நினைத்தேன்.

லேப்டாப்பை லேபுக்கு எடுத்து வந்தேன். அங்கே நான் மட்டும். எண்ணாக அடித்தால் இணையம் வந்தது. பெயராக அடித்தால் வரவில்லை. பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருகிற டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. பழைய பதிவுகளைத் துடைத்தேன். டிஎன்எஸ் எண்ணை மாற்றினேன். எல்லாம் திறந்தது. மணி 1.55.

அதோடு எழுந்திருக்கலாம். வயிற்றெரிச்சல் விடவில்லை. அந்த லேப்டாப்புக்கே அஸ்வினி என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அதை அழித்து, அம்சவள்ளி என்று என் பெயரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

2.00. கரண்ட் போனது. தினமும் போகிற நேரம்தான். மோடம் அணைந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது.

என் பெயருக்கு ஒரு பிங் கொடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி அது. இருந்தால் பதில் வரும்.

அப்படி ஒரு பெயர் இல்லை என்றது.

தன் பெயரையே இல்லை என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது...

2.04. அஸ்வினி என்று அடித்தேன்.

பதில் வந்தது. 192.168.1.40.

கடைசி எண்தான் கம்ப்யூட்டரின் வரிசை எண். லேபில் இருப்பதே முப்பது கம்ப்யூட்டர். எல்லாம் அணைந்து கிடந்தன. நாற்பது யார்?

லேப்டாப்பின் நெட் கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி அடித்தேன்.

பதில் வந்தது.

வைஃபையை அணைத்தேன்.

பதில்...

ஒரு பிங்குக்கு நாலு பதில்தான் வரும். அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு கீபோர்டு.

டக்...

ஒரு பதிலுக்கு ஒரு டக்.

திரும்பவில்லை. ஓடினேன்.

2.07. ஆபீஸில் அக்கா மட்டும் இருந்தார். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அக்கா கதவைச் சாத்தினார். அஸ்வினி வேலையை விட்டுப் போகவில்லையாம். நான் சேர்வதற்குப் பத்து நாள் முன்பு, வளவனூரில் அவள் வீட்டருகே லாரி அடித்துச் செத்துப்போனாளாம்.

செத்தவளுக்கு இருக்கிற இடம் எனக்கு இல்லை. பயத்தையும் மீறி எனக்கு அதுதான் எரிந்தது.

“அப்ப அவ கையெழுத்த நீங்கதான் போட்டுக்கினு இருக்கீங்களாக்கா?”

“அந்தப் பத்து நாளு போட்டேன். நீ வந்தப்பறம் நான் தொடவே இல்லடி. நீதான் போட்டுக்கினு இருக்கேன்னு இல்ல நெனச்சேன்.”

நான் ஒருநாளும் போட்டதில்லை.

அக்கா தன் இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து பதிவேட்டைப் பிரித்தார். அன்றைய தேதிக்கு நேரே அஸ்வினியின் கையெழுத்து இருந்தது.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

அவள் கையெழுத்தில்... என் பெயர்.

“நாளைக்கு வருவியாடி?” என்றார் அக்கா.

பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது மணி 2.16.