ஜுரமில்லாத நாளின் ரத்தம்

ஆஸ்பத்திரியின் மலேரியாப் பிரிவில் ரத்தம் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது அத்தா வேண்டாமென்று சொல்லவில்லை. நிபந்தனைகள் மட்டும் சொன்னார். நம் ஜட்காவில்தான் போய்வர வேண்டும். முன்னும் பின்னும் திரை இறங்கியிருக்க வேண்டும். சின்னத்தாவைத் தவிர யாரும் ஓட்டக்கூடாது. பஸ் கூடாது, வாடகை வண்டி கூடாது, நடந்து போகிற பேச்சுக்கே இடமில்லை. எதையும் வரிசைப்படுத்தி மனத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். அவர் சொன்னவற்றை அப்படியே வரிசையாக வைத்துப் பார்த்து, எல்லாம் நடக்கக்கூடியவைதான் என்று முடிவு செய்து, சரி என்றேன். அவர் சொல்லாத, நானும் யோசிக்காத ஒன்று அந்த வரிசையின் கடைசியில் இருந்தது. குதிரைக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில், ஜட்காக்கள் நிற்கும் இடத்தை ஒட்டி, அத்தாவுக்குத் தீவனக் கடை. கொள்ளு, தவிடு, புல்லுக்கட்டு, லாந்தர் திரி எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்குப் பின்னால் வீடு. சின்னத்தா அவருடைய தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் வண்டியையும் செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரையையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மதராஸில் ஓராண்டுப் பயிற்சிக்கு என்னை அனுப்பியது அத்தாதான். மகள் படித்தவள் என்று சொல்லிக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது. படித்தவள் தினமும் வெளியே போய்வருவாள் என்பதுதான் பிடிபடவில்லை.

வேலை தற்காலிகமானது. ஆண்டு முடிவில் உறுதி செய்வார்கள். அதற்குள் விடுப்பு அதிகமானால் காத்திருப்பவர்களில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இது போனால் இன்னொரு வேலைக்கு அத்தா சம்மதிக்க மாட்டார் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போகும் வழியை நான் கண்ணால் அறிந்ததில்லை. தகரம் தட்டும் சத்தம் வந்தால் பள்ளிவாசல் முனை. பிறகு காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. சக்கரம் சரளைக் கல்லில் ஏறினால் ஆஸ்பத்திரி. இறங்கி மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்துவிட்டால் மாலைவரை எனக்கும் எதற்கும் நடுவே துணி கிடையாது.

மழை ஓய்ந்தபின் குதிரை இளைக்கத் தொடங்கியது. தீனி குறையவில்லை, வைத்ததையெல்லாம் தின்றது. ஆனாலும் விலா எலும்புகள் தெரிந்தன. வயிற்றுக்கடியில் மட்டும் நீர் கோத்ததுபோல ஒரு வீக்கம் தொங்கியது. நடக்கையில் பின்னங்கால்கள் தள்ளாடின. கடையில் பேசுவது பின்கட்டுவரை கேட்கும். வண்டிக்காரர்கள் விடவில்லை.

"ஏனுங்க ராவுத்தரே, ஊருக்கெல்லாம் கொள்ளு விக்கறீங்க, உங்க குதிரைக்கு மட்டும் உமி போடறீங்களாட்ட இருக்குதுங்க?"

"அது நோம்பு புடிச்சிருக்குதுங்க. ராவுத்தர் ஊட்டுக் குதிரையாச்சே," என்றது இன்னொரு குரல்.

அத்தா சிரிக்கவில்லை. தீவனக்கடைக்காரனின் குதிரை எலும்பாக நிற்பது கடைக்கே கேடு. அன்று சாப்பிட உட்கார்ந்தவர் என்னிடம், "மனுச ரத்தத்துல பூச்சி இருக்கான்னு பாக்குறேல்ல, இதுக்கும் பாரேன்" என்றார். என் வேலையிடமிருந்து அவர் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை.

சர்ரா என்றொரு நோயைப் பயிற்சியில் ஒரே ஒரு பாடமாகப் படித்திருந்தேன். கடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். கிருமி ரத்தத்தில் நீந்தும். ஜுரம் விட்டுவிட்டு வரும். தின்றாலும் உடம்பில் ஒட்டாது. மருந்து கொடுக்காவிட்டால் குதிரை செத்துப்போகும். எங்கள் குதிரையிடம் ஜுரத்தைத் தவிர எல்லாம் இருந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரி மரத்தடியில் வண்டி நின்றதும், காதோரத்து நரம்பில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். சின்னத்தா குதிரையின் தலையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆசுபத்திரியில இத்தனை மனுசங்க இருக்காங்க. உனக்கு இவ ரத்தம்தான் வேணுமா?"

"மனுசங்க கத்துறாங்க, சின்னத்தா. இவ கத்த மாட்டா."

கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மூலைக்கு மூலை பார்த்தேன். சிவப்பணுக்கள் வெளிறியிருந்தன. வேறொன்றும் இல்லை. அடுத்த முறை வந்தபோதும் எடுத்தேன். அதற்கடுத்த முறையும். எல்லாம் சுத்தமாக இருந்தது. மிருகாசுபத்திரிக்கும் ஓட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் மலையாளி, பொறுமைசாலி. ஜுரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காணோமே, மோளே. தீனி கொஞ்சம் நல்லதா கொடுக்கச் சொல்லு" என்றார். இதை அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சொல்லாமலே விட்டேன். சின்னத்தா சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் வேறொரு தொல்லை. சில காலைகளில் நான் புறப்பட்டு வந்து நின்றால் வண்டி பூட்டியிருக்காது. "இன்னிக்கி அவளுக்கு மனசில்லே," என்பார் சின்னத்தா. அன்று நான் வீட்டில்தான். மறுநாளும் பெரும்பாலும் அப்படித்தான். பிறகு ஒரு காலையில் வண்டி தயாராக நிற்கும். எங்கள் பிரிவின் மேலதிகாரி வயதானவர், குரலை உயர்த்தாதவர். நான் உள்ளே நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஒரு நாள் வர்றது, ரெண்டு நாள் வராதது. இது ஆபீஸா இல்லே டூரிங் டாக்கீஸாம்மா?"

குதிரைக்கு மனசில்லை என்று விடுப்புக் கடிதத்தில் எழுத முடியாது.

அப்படி வீட்டில் அடைபட்டிருந்த ஒரு நாள் முற்பகல், கோபத்தோடு லாயத்துக்குப் போனேன். சின்னத்தா ஈரச்சாக்கை நனைத்து நனைத்துக் குதிரையின் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

"இவளுக்கு ஜுரம், சின்னத்தா."

"தெரியும்."

"மனசில்லேன்னீங்க?"

"மேலு சுடுதுன்னு சொன்னா உங்கத்தா விடுவாரா? நாலு எட்டு ஓடினா வேர்த்துத் தணிஞ்சிரும், பூட்டுடாம்பாரு. சுடுறப்ப பூட்டினா இவ வழியிலேயே வுழுந்துருவா. தணிஞ்சதும் பூட்டுறேன்ல. அப்புறம் என்ன?"

நான் அங்கேயே புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தானாக வரிசைக்கு வந்தது. குதிரைக்கு ஜுரம் வரும் நாளில் வண்டி இல்லை. வண்டி இல்லாத நாளில் நான் வீட்டில், மைக்ராஸ்கோப் அங்கே. ஜுரம் விட்ட நாளில் குதிரை என்னை மைக்ராஸ்கோப்பிடம் கொண்டுபோய் விடும். அன்று அதன் ரத்தத்தில் கிருமி கண்ணுக்கு அகப்படாத அளவுக்கு ஒடுங்கியிருக்கும். மிருகாசுபத்திரிக்கும் அது நடந்து போக முடிந்த நாளில்தானே போனது. நான் இதுவரை பார்த்ததெல்லாம் ஜுரமில்லாத நாளின் ரத்தம். மலேரியாக்காரர்களுக்கு நடுங்கும் நேரத்திலேயே ரத்தம் எடுத்து அனுப்புங்கள் என்று கிராமத்து ஊழியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

வழி எளிது. ரத்தத்தை வீட்டிலேயே கண்ணாடியில் தேய்த்து உலர்த்திவிட்டால் அது சில நாள் தாங்கும். அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து வெற்றுக் கண்ணாடிகளும் ஊசியும் கொண்டுவந்தேன். அப்புறம் ஜுரத்துக்காகக் காத்திருந்தேன். தினமும் காலையில் வண்டி பூட்டியிருக்க வேண்டும் என்று ஒரு மனம். பூட்டாமல் இருக்க வேண்டும் என்று இன்னொரு மனம்.

ஜுரம் வந்தது. ரத்தமும் எடுத்தாயிற்று. ஆனால் உலர்ந்த ரத்தத்தை எறும்பு விட்டுவைக்காது, வழித்துத் தின்றுவிடும். எங்கள் வீட்டில் எறும்பு ஏறாத இடம் ஒன்றுதான்: கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்த சோற்று அலமாரி. கதவைத் திறந்ததுமே அம்மா பிடித்துவிட்டாள்.

"குதிரை ரத்தத்தைக் கொண்டாந்து சோத்துக்கிட்ட வெக்கிறியே, புள்ளே. நஜீஸு, அசுத்தம்னு தெரியாதா? இதைத்தான் மதராஸுல படிச்சியா?"

"அப்ப எங்கேம்மா வெக்கிறது?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உடைந்த செங்கல்லை வைத்து, கொல்லைப்புறத்து மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இதும்மேல வை. என் தாம்பாளம் போச்சு."

வண்டி ஓடிய நாளில் அந்தக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குள் போனேன். சாயம் ஏற்றிப் பார்த்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. அணுக்களுக்கு நடுவே ஊதா நிறத்தில், வளைந்த மூங்கில் இலைபோல ஒன்று. ஓரத்தில் மடிப்பு மடிப்பாக மெல்லிய சவ்வு, அது முடிகிற இடத்தில் நீண்ட வால். பக்கத்தில் இன்னொன்று. அடுத்த பார்வையில் மூன்று.

ஜன்னலுக்கு வெளியே, மரத்தடியில், சின்னத்தா துண்டால் குதிரைமேல் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். இன்று அது நன்றாகத்தான் நின்றது. நான் வாயைத் திறந்தால் நாளையிலிருந்து வண்டி கிடையாது. மருந்து எங்கிருந்து எப்போது வரும் என்று தெரியாது. திறக்காவிட்டால் அடுத்த ஜுரம்வரை போய்வரலாம், அதற்கடுத்த ஜுரம்வரையும். அப்படியே ஆண்டு முடிவுவரைகூட ஓடலாம், குதிரை தாங்கினால். மைதானத்தில் அதன் பக்கத்தில் நிற்கும் குதிரைகளையும் அதே ஈக்கள்தான் கடிக்கின்றன. இவ்வளவையும் யோசித்து முடிக்கும்வரை கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எழுந்து மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது மலேரியா இல்லையே. எந்தக் கிராமத்து ஆளு?"

"எங்க ஊட்டுக் குதிரை, சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், நான் வராத நாட்கள் அத்தனைக்கும் விடுப்புக் கடிதம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னார்: "ஆண்டு முடியிற வரைக்கும் உன் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கப்புறம் என் கையில இல்லே."

மிருக டாக்டர் வீட்டுக்கே வந்தார். மருந்து மதராஸிலிருந்து வர வேண்டும். கழுத்து நரம்பில் போட வேண்டும். அதுவரையிலும் அதற்குப் பின்னும், அவர் சொல்லும்வரை வண்டி பூட்டக்கூடாது. ஈ புகாமல் லாயத்துக்குச் சாக்குத் திரை கட்டச் சொன்னார். ஜுரம் பார்க்கும் கருவியைச் சின்னத்தாவிடம் கொடுத்து, அதை எங்கே வைக்க வேண்டும் என்று விளக்கினார். சின்னத்தா என்னைப் பார்த்து, "புள்ளே, நீ உள்ளே போ" என்றார்.

அப்படிக் குதிரை சாக்குத் திரைக்குள்ளும் நான் வீட்டுக்குள்ளும் இருந்தோம். செய்தி மைதானத்துக்குப் போனது. இளைத்த குதிரை வைத்திருந்தவர்களெல்லாம் அத்தாவிடம் வந்தார்கள். மிருகாசுபத்திரியில் ரத்தம் பார்க்க ஆள் போதாது. அந்த டாக்டரும் எங்கள் மேலதிகாரியும் பேசிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சும்மா கிடந்த ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை என் கையெழுத்தின் பேரில் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். எனக்கு உதவுவதாகத்தான் இருவரும் நினைத்தார்கள்.

முற்றத்து வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜுரம் வந்த நேரத்தில் எடுத்த ரத்தம், கடை வழியாக, அத்தாவின் கையால் உள்ளே வரும். விடை அதே வழியில் வெளியே போகும். இன்னும் இரண்டு குதிரைகளில் நோய் இருந்தது. அந்தக் குதிரைகளை நான் பார்த்ததில்லை. அவற்றின் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"எம்மவ ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டே ஊர்க் குதிரையெல்லாம் பாக்குது," என்று அத்தா கடையில் சொல்வார். முன்பு கேலி செய்த வண்டிக்காரரே, "அம்மிணி கண்ணு நல்ல கண்ணுங்க" என்பார். கடையில் கூட்டம் முன்பைவிட அதிகம். அத்தா எனக்கு மெத்தை வைத்த நாற்காலி வாங்கிவந்தார். வெயிலுக்கு முற்றத்தில் பந்தல் போட்டார். ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, நான் வெளியே போகக் காரணம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அவரே சொன்னார்: "எல்லாம் இங்கேயே ஆயிருச்சு. இனி அங்கே போயி என்னத்துக்கு?"

நான் அடுத்த கண்ணாடியை எடுத்து லென்ஸுக்கடியில் வைத்தேன்.

மருந்து வந்து, ஊசி போட்டு, குதிரைக்கு ஜுரம் திரும்ப வரவில்லை. வயிற்று வீக்கம் வற்றியது. ரத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் சுத்தமான ரத்தத்தை நம்பக்கூடாது என்று நான் கற்றிருந்தேன். டாக்டரும் அதையே சொன்னார்: "உள்ளே மிச்சம் இருந்தா, வேலை வாங்கினாத்தான் வெளியே வரும். மெதுவா பூட்டிப் பாருங்க."

"வெறும் வண்டியா ஓட்டிட்டு வரட்டும்," என்றார் அத்தா.

"மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கணும், அத்தா," என்றேன்.

"ஏன்? யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலே. நாமளே கொடுத்திருவோம். ரத்தம் எடுத்து நான் போறப்ப கொண்டு போறேன். அங்கே பாத்து எழுதித் தர்றேன்."

"அப்பச் சரி, உன் சின்னத்தா கொண்டு போயிக் கொடுக்கட்டும்."

"நான் ஒப்புப் போட்டு வாங்கினது. நான்தான் கொடுக்கணும்."

ஒப்பு என்றால் அத்தாவுக்கு மரியாதை உண்டு, வியாபாரி. வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்தார். கடைசியில் சின்னத்தாவைப் பார்த்து, "திரையை நல்லா இறக்கிக் கட்டு" என்றார்.

மரப்பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனேன். பள்ளங்களில் சின்னத்தா குதிரையை நடக்க விட்டார். தகரச் சத்தம் கடந்தது. காப்பிக்கொட்டை வாசனை கடந்தது. ஆண்டு முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. மேலதிகாரி பெட்டியை வாங்கிக்கொண்டார். என் நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

வேலை அந்த ஆண்டே உறுதியானது. திரையும் அப்படியே இருந்தது. மாலையில் வண்டி வீட்டுக்கு முன் நிற்கும்போது, இறங்குவதற்கு முன் உள்ளிருந்தே கேட்பேன்.

"சுடுதா, சின்னத்தா?"

காதுக்குப் பின்னால் கை வைத்துப் பார்க்கும் நேரம் அவர் பேச மாட்டார்.

"இப்ப இல்லே," என்பார்.