இடமில்லாமல் போன ஒரு வரி

எண்பதுகளின் பின்பாதியில், பள்ளிபாளையம் பக்கம் ஒரு சைசிங் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, ஆவியில் சூடான உருளைகளில் காயவைக்கும் ஆலை. உருளையின் சூட்டைக் கவனிக்கும் சின்ன மின்னணுப் பெட்டிக்கு நிரல் எழுதுவது என் வேலை.

சூட்டு எச்சரிக்கை, பட்டன் அமுக்கியது என ஒவ்வொரு நிகழ்வையும் பெட்டி பிரிண்டரில் அச்சடிக்கும். பிரிண்டரோ மெதுவானது. அது ஒரு வரியை முடிக்கும்வரை பெட்டி சூட்டைப் பார்க்காமல் காத்து நின்றது. அதனால் செய்திகளை முதலில் நினைவகத்தில் போட்டுவிட்டு, பிரிண்டர் ஓய்ந்தபோது எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். முப்பத்திரண்டு செய்திகளுக்குத்தான் இடம். நிறைந்துவிட்டால் புதிதாக வருவதை விட்டுவிடச் சொல்லியிருந்தேன். அதை இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

ஒரு மதியம் உருளை அளவு மிஞ்சிச் சூடாகி நூல் கருகியது. ஆவியை நிறுத்தும் பட்டனை ஆபரேட்டர் அமுக்கவில்லை என்றார் மேனேஜர். காகிதம் முழுக்க 'சூடு அதிகம்' என்ற வரிதான் இருந்தது.

"அமுக்குனேனுங்க. ஆவி நிக்கலீங்க," என்றார் ஆபரேட்டர். ஐம்பதை நெருங்கியவர்.

"அமுக்கியிருந்தா இதுல வந்திருக்குமில்ல?" என்று காகிதத்தைக் காட்டினார் மேனேஜர்.

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். எச்சரிக்கை நொடிக்கொன்றாக, பிரிண்டரை முந்திக்கொண்டு வந்து முப்பத்திரண்டு இடத்தையும் அடைத்துக்கொண்டது. பிறகு பட்டனை அமுக்கினேன். அந்த வரி வரவேயில்லை. அவர் அமுக்கியிருந்தால் ஆவி ஏன் நிற்கவில்லை? ஆவி வால்வைக் கழற்றச் சொன்னேன். அது துருப்பிடித்து, திறந்தபடியே இறுகியிருந்தது.

மேனேஜரிடம் போய், "தப்பு என்னுதுங்க சார்," என்றேன். வால்வை மாற்றவும் ஆபரேட்டரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவும் அவர் சொன்னார்.

பட்டன் செய்திகளுக்கென்று எட்டு இடங்களைத் தனியே ஒதுக்கினேன். ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் ஒரு வரியாகச் சேர்த்தேன். பிறகு ஆபரேட்டர் வீட்டுக்கு நானே போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மூணு நாளா ஊட்டுல ஆரும் எங்கூடப் பேசுலீங்க அம்மிணி," என்றார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். மெஷினை ஓட்டுமுன் பட்டனை அமுக்கிவிட்டு பிரிண்டர் அருகே போய் நின்றார். வரி வந்தது. விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.