ஞானமலர் இறங்கவில்லை

சைக்கிளின் பின்விளக்கு எரியவில்லை. நவம்பர் மாதம், டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நாலு மணிக்கே இருட்டிவிடும். இன்பநாதன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தான். அம்மா ஞானமலர் பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் பிடித்தார்.

"நேராப் பிடியுங்கோ அம்மா."

"விளக்குக்கே விளக்குப் பிடிக்கிறன். இதைவிட நேரா என்னெண்டு பிடிக்கிறது?"

டைனமோக் கம்பி அறுந்திருந்தது. முறுக்கி, டேப் சுற்றி, சில்லைச் சுழற்றினான். சிவப்பு எரிந்தது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் காலை அம்மா குசினியில் விழுந்தார். இருதயம் என்றார்கள்.

ஞானமலர் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை விடுதியில் சமையல் செய்தவர். வார்டன் நடப்பதையும் பாதிரியார் இருமுவதையும் அப்படியே செய்து காட்டுவார். பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். ஆனால் எல்லாம் குசினியோடு சரி. மேடைப் பகிடி ஆண்களுடையது. பெண் வேடத்தையும் ஆண்தான் சேலை கட்டிக்கொண்டு ஆடுவான்.

1983 கலவரத்துக்குப் பிறகு, ரேடியோ மெக்கானிக் படித்த ஒரே மகனோடு டென்மார்க் வந்தார். 1985 கிறிஸ்மஸ் ஒன்றுகூடலுக்கு ஹேர்னிங் தமிழர்கள் ஒரு நாடகம் பழகினார்கள். சண்டைக்கார மாமியார் வேடம் கிறிஸ்துநாயகத்துக்கு. அவன் தன் மீசையைத் தடவியபடி கவலையோடு நின்றான்.

"தம்பி, பொம்பிளை ஒருத்தி முன்னால நிக்கேக்க நீ ஏன் மீசையை வழிக்கிறாய்?"

"பொம்பிளையள் மேடையில பகிடி விடுறதோ அன்ரி? சனம் என்ன சொல்லும்?"

"சிரிக்கிற சனம் ஒண்டும் சொல்லாது. வாய்க்கு ஒரே நேரத்தில ரெண்டு வேலை ஏலாது."

ஞானமலர் நல்ல கறுப்பு. ஊரில் கறுப்பி என்றே கூப்பிட்டார்கள். மாமியாராக மேடையேறியதும் முதலில் அதைத்தான் கையிலெடுத்தார்.

"இஞ்ச பின்னேரமே இருட்டுது. இந்த நாட்டுக்கு ஏத்த நிறம் என்ரதான். வெள்ளையள் பாவம், இருட்டில தனியாத் தெரியினம்."

மண்டபம் குலுங்கியது. கிறிஸ்துநாயகம் மீசையோடு முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவரை யாரும் கறுப்பி என்று கூப்பிடவில்லை. பிராண்டேயிலிருந்தும் ஓகூஸிலிருந்தும் கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள். டென்மார்க்கில் தமிழ்மேடையில் பகிடி சொன்ன முதல் பெண் தன் அம்மா என்று இன்பநாதன் நம்பினான். இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, பத்திரிகைகளில் அகதிகளைப் பற்றிய வாக்குவாதம் சூடாக நடந்த காலம். டேனிஷ் வகுப்பு ஆசிரியை கிர்ஸ்டன் தன் கிராமத்து மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தார். ஊராரும் பல நாட்டு அகதிகளும் சேர்ந்து சாப்பிடுவதற்கு. சேலையோடு சைக்கிள் பழகுவதை ஞானமலர் வகுப்பில் பகிடியாகச் செய்து காட்டியிருந்தார்; அதை மேடையில் செய்யக் கேட்டார்.

"அம்மா, இது எங்கட சனமில்லை. உங்களைப் பாத்துச் சிரிப்பினம். அவமானமாப் போயிடும்."

"சிரிக்கப் பண்ணத்தானேடா போறன். நீ மைக்கைப் பார்."

கிர்ஸ்டனின் மரச்செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, இல்லாத சைக்கிளில் ஏறினார். சேலை சில்லுக்குள் போனது. விழுந்தார். எழும்பிக் கும்பிட்டார்.

முதலில் சிதறலாகக் கைதட்டு. பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. டப், டப், டப் என்று ஒரே தாளம். நிற்கவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்படித் தட்டினால் ஒரே அர்த்தம்தான்: இறங்கு, போ என்று கலைக்கிறது. இன்பநாதன் மைக்கை நிறுத்தக் கையை வைத்துக்கொண்டு, இறங்கி வரச்சொல்லி அம்மாவுக்குச் சைகை காட்டினான்.

அம்மாவும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். முகம் ஒரு கணம் வாடியது. பிறகு மைக்குக்குக் கிட்ட வந்து, அங்கே மகன் ஒருவனுக்கே விளங்கும் தமிழில் சொன்னார்:

"கலைக்காதேங்கோ. உங்களைச் சிரிக்கப் பண்ணாமல் நான் இறங்க மாட்டன்."

மறுபடி சைக்கிளில் ஏறினார். முன்னையைவிட மோசமாக விழுந்தார். மண்டபம் சிரித்துப் புரண்டது. பிறகு அதே தாளம். மூன்றாம் தரமும் ஏறப்போனவரை, இன்பநாதனின் சைகையைக் கண்ட கிர்ஸ்டன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். இங்கே கைகள் இப்படிச் சேர்ந்தால் மிகவும் பிடித்துப்போயிற்று என்று அர்த்தம், கலைக்கிறதல்ல என்றார்.

"அப்ப ரெண்டாந்தரம் நான் வீணாத்தான் விழுந்தனோ?" என்று அம்மா காரில் இடுப்பைத் தடவிக்கொண்டு கேட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் அந்தக் கைதட்டைத்தான் சொன்னார்கள். இன்பநாதன் நினைத்தது வேறு. கலைக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டுதான் அம்மா நின்றார். அந்த மண்டபத்தில் அப்போது அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அம்மா விழுந்ததற்கு முதல்நாள்வரை அந்த மரச்செருப்பைக் கிர்ஸ்டனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. காரில் கூட்டிப்போகிறேன் என்று இன்பநாதன் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. "உண்மையான சைக்கிளில போய்க் குடுத்தாத்தான் கிர்ஸ்டனுக்குப் பகிடி விளங்கும்" என்றார். அதற்காகத்தான் விளக்கைத் திருத்தியது.

செருப்பு இன்னும் சைக்கிளின் பின் கரியரில், அம்மா கட்டிய கயிற்றோடு இருக்கிறது. சில்லைச் சுழற்றினால் விளக்கு எரிகிறது.