வார்சாவும் எங்கள் வாசல் மயிலும்

போன மழைக்காலத்தில் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தின் முகப்புச் சுவர் சரிந்து விழுந்தது. வாசலுக்கு மேலே தோகை விரித்து நின்ற சுதை மயில் தூள்தூளாகிவிட்டது. என் அம்மா மணப்பெண்ணாக நின்றதும் நான் நின்றதும் அதன் கீழேதான்.

மண்டபத் தலைவர் சட்டென்று முடிவு சொன்னார். "சப்பையா ஒரு சுவரு எழுப்பி டைல்ஸ் ஒட்டிருவோம். மயிலு எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?"

அடுத்த கூட்டத்துக்கு ஒரு புத்தகத்தோடு போனேன். பான்சோடான் தெரு நடைபாதையின் பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கியது. போலந்தின் வார்சா நகரத்தைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் அந்தப் பழைய நகரம் செங்கல் குவியலாகிவிட்டது. பழைய ஓவியங்களையும், போருக்கு நடுவே ஒளித்து வைத்த அளவுப் படங்களையும் பார்த்துப் பார்த்து அதை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

"அவுங்க ஊரையே கட்டிட்டாங்க அண்ணே. நமக்கு ஒரு சுவரு, ஒரு மயிலு."

"அவுங்ககிட்ட படம் இருந்துச்சு. ஒங்கிட்ட இருக்கா?"

"ஒரு மாசம் குடுங்க."

கொடுத்தார். நான் தோற்பேன் என்ற நம்பிக்கையில்தான்.

ஊரின் வடகோடி மிங்கலாடோன் வரை பஸ் ஏறி, வீடு வீடாகக் கல்யாண ஆல்பம் கேட்டேன். தூண் கிடைத்தது, வளைவு கிடைத்தது. மயில் மட்டும் எல்லாப் படத்திலும் காலோடு சரி. படம் எடுத்தவர்களுக்கு மணமக்கள் முகம்தானே முக்கியம்!

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைவரின் மனைவி முந்தானைக்குள் தங்கள் கல்யாணப் படம் ஒன்றை மறைத்துக்கொண்டு வந்தார்.

"பொட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காரு. கோட்டு இரவலு, அதான் வெக்கம். நீயே கூட்டத்துல காட்டு."

படத்தில் தலைவர் ஒல்லியாக, ஆறடிக்கு மேல் நின்றார். கோட்டின் கை முழங்கையைத் தாண்டக் கஷ்டப்பட்டது. அந்த உயரத்தை அடக்கப் படமெடுத்தவர் எதிர்ச்சாரிக்கே போயிருக்கிறார். தலைவருக்கு மேலே, கொண்டை முதல் தோகை நுனி வரை, முழு மயில். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கூட்டத்தில் படத்தைக் காட்டியதும் எழுந்த சிரிப்பு அடங்க நேரமானது. கொத்தனார் தோகையின் கண்களை எண்ணத் தொடங்கினார். தலைவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் வேணாம்" என்றார்.

போன வாரம் புது முகப்பில் முதல் கல்யாணம். எங்கள் மயில் தோகை விரித்து நின்றது, நாங்கள் ஜெயித்துவிட்டோம். படமெடுக்க வந்தவர் வழக்கம்போல் கிட்டே போய் நின்றார். தலைவர் தெருவில் இறங்கி, வந்த காரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, படமெடுப்பவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"இன்னும் பின்னால போ தம்பி. படத்துல மயிலு முழுசா விழணும்."