செருகி வைத்த மொட்டுகள்

புனே மகர்பட்டாவில் எங்கள் பன்னிரண்டாவது மாடி பால்கனியில் ஒரு மல்லித் தொட்டி இருக்கிறது. இன்று காலை என் மகள் அங்கிருந்து, "அப்பா, மோக்ரால ஒரு கலி வந்துச்சு, தேகோ" என்றாள். மோக்ரா என்றால் மல்லி, கலி என்றால் மொட்டு, தேகோ என்றால் பார். வாக்கியத்தில் பாதி தமிழ் இருந்தாலே எங்கள் வீட்டில் அது நல்ல மதிப்பெண். நான் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. இதை யார் செருகியிருப்பார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

வேலை கிடைத்து புனேவுக்கு வந்த புதிதில், தனி ஆள் என்று யாரும் எனக்கு அறை தரவில்லை. கட்கியில் ஒரு தமிழ் வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். வீட்டுக்காரர் பாக்கியம் அக்கா, தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். ஊர் எது என்று கேட்டார். மதுரை என்றேன். அப்படியானால் மல்லியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவரே முடிவு கட்டினார். மல்லியோடு எனக்கிருந்த பழக்கம், டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்மணியின் கொண்டை வரைக்கும்தான். ஆனாலும் தலையாட்டினேன்.

அக்காவின் கணவருக்குக் கல்யாணமாகாதவனைக் குடிவைக்க இஷ்டமில்லை. வாசலில் மூன்று வருஷமாகப் பூக்காத மல்லித் தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே ஸ்கூட்டர் நிறுத்தவும் அவருக்கு ஆசை. அக்கா எங்கள் இருவருக்கும் சேர்த்து வாதாடினார். மராத்தி வருஷப் பிறப்பான குடி பாட்வா பண்டிகைக்குள் பூக்காவிட்டால் செடியும் நானும் வெளியே போக வேண்டும் என்று தீர்ப்பானது.

நான் விழுந்து விழுந்து கவனித்தேன். தினமும் மூன்று வேளை தண்ணீர், அரிசி கழுவிய நீர், டீத்தூள் சக்கை. செடி தளதளவென்று கொழுத்தது, நான்தான் இளைத்தேன். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்கி பஜாரில் தலையில் வைக்கும் மல்லி கஜ்ரா ஒன்று வாங்கி, சரத்தைப் பிரித்து, மொட்டுகளை இலை இடுக்குகளில் செருகி வைத்தேன். மாமா நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் பையனுக்குக் கைராசி என்றார். எனக்கு டீ வந்தது. ஒரு நாள் நிறுத்தினாலும் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று தினமும் செருகினேன். பண்டிகை போனபிறகும் செருகினேன்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டி கட்டச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பினேன். மாமாவோ வாசலிலேயே, நான் இல்லாத நாலு நாளும் பூத்ததாகப் பெருமையாகச் சொன்னார். என் உழைப்பு வீண் போகவில்லை என்று கண்கூட கலங்கியது. தொட்டியருகே போய் ஒரு மொட்டை லேசாகத் தொட்டேன். கையோடு வந்தது, நுனியில் கஜ்ரா நூலோடு.

பின்னால் அக்கா நின்றிருந்தார்.

"பூ இல்லேன்னா உன்னைக் காலி பண்ணச் சொல்லிடுவாருப்பா. பசங்க ரெண்டும் ஹிந்திலதான் ஜவாப் சொல்லுதுங்க. நீயும் போய்ட்டா நான் யார்கிட்ட தமிழ் பேசறது?"

செடியைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்கு அறை கிடைத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். சாயங்காலம் அவர் காய் நறுக்கிக்கொண்டே பேசியதையெல்லாம் அரைக்காதோடு கேட்டதற்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் அவர் செருகினார், ஒரு நாள் நான். இரண்டு வருஷம் அந்தச் செடி விடாமல் பூத்தது.

தண்ணீரைக் குறைத்து, இலையை உருவினால்தான் மல்லி பூக்கும் என்று போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். கட்கி வீடு இருந்த இடத்தில் இப்போது ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. தொட்டி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. அக்கா போய்ச் சேர்ந்ததே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பால்கனிக்குப் போய் மொட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. நிஜ மொட்டுதான்.

"அக்கா, இது செருகினது இல்ல" என்றேன்.

யாரிடம் சொல்கிறேன் என்று புரியாமல் மகள் திரும்பி, "கிஸ்கோ போல் ரஹே ஹோ, அப்பா?" என்றாள்.