இறுக்கிப் பூட்டிய பைப்

காலை ஐந்தே முக்காலுக்குக் குளியலறைக் கதவைத் திறந்தேன். ஓடிக்கொண்டிருந்த பைப்பைத்தான் முதலில் கண்டேன். பிறகுதான் முகம் கழுவும் பேசினுக்குக் கீழே, ஈரத் தரையில் கிடந்த அம்மாவைக் கண்டேன்.

கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பி முந்தைய வாரம்தான் அந்தப் பைப்பைப் பொருத்துவித்தான். நீண்டு வளைந்த கழுத்து, மேலே ஒரே ஒரு பிடி.

"உதென்னடா, கொக்கு மாதிரி நிக்குது?" என்று அம்மா சிரித்தார்.

"அங்கை எல்லா வீட்டிலையும் உதுதானம்மா."

கடையில் நானும் கூட நின்றேன். பளபளப்பை மட்டும் பார்த்தோம். எங்கள் பேசின் சிறியது என்பதை இருவருமே நினைக்கவில்லை.

அம்மா விழுவதற்கு முந்தின இரவு மின்சாரம் இல்லை, தாங்கியிலும் தண்ணீர் இல்லை. அம்மா பிடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, பழைய பைப்பை மூடுவதுபோல வலப்பக்கம் இறுகத் திருப்பியிருக்கிறார். அதில் திருப்புவது சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் மாற்றத்தான்; மூடுவதற்குப் பிடியைக் கீழே அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் சுடுநீர்க் குழாயே கிடையாது.

விடியற்காலையில் மின்சாரம் வந்ததும் நான் தாங்கியை நிரப்ப மோட்டரைப் போட்டேன். உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் பேசினுக்கு வெளியே தெறித்தது. சத்தம் கேட்டு நிறுத்தப் போன அம்மா வழுக்கி விழுந்தார்.

"நான் இறுக்கிப் பூட்டினனான், பிள்ளை." தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வரை இதையே சொன்னார்.

"ஓமம்மா, பூட்டினனீங்கள்தான்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

இப்போது எதை வாங்கினாலும், பாவிக்கப்போகிறவரே திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்கிறேன். பேசினில் மறுபடியும் குட்டையான திருகு பைப் வந்துவிட்டது. அம்மாவுக்குக் கட்டிலில் வைத்துத்தான் முகம் கழுவிவிடுகிறேன்.